எந்த மண்ணுக்கு எந்த டயர்?

சிங்கப்பூரிலிருந்து ஒரு சைக்கிள் டயர் திருச்சிக்கு வந்து இறங்கியிருக்கிறதாம். கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. பீமநகர் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒருவர், பஸ் வராத கோபத்தில், பக்கத்தில் நின்றவரிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்றவர் என் அண்ணனுடைய ஆபீசில் டைப்பிஸ்ட். டைப்பிஸ்ட் சொல்லி அண்ணனும், அண்ணன் சொல்லி நானும் அறிந்தது இவ்வளவுதான்: அந்த டயரின் மேல் பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாக நிற்குமாம், சேற்றில் போனால் சேறு ஒட்டாதாம், மணலில் இறங்கினால் புதையாதாம், மலைமேல் ஏறுகிற சைக்கிளுக்காகவே வெள்ளைக்காரன் செய்ததாம். மலைக்கோட்டைப் படிக்கட்டில் ஏற்றிப் பார்த்தார்களா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். ஏற்றிவிட்டார்களாம். தாயுமானவர் சன்னதி வரைக்கும்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் மனிதர்கள் இரண்டு வகையாகப் பிரிகிறார்கள். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். வேறு சிலர் சிரிக்க மாட்டார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "முள்ளு எவ்வளவு உயரம்? முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவுல எவ்வளவு எடம் விட்டிருக்கான்?" என்று கேட்பார்கள். அவர்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். டயர் பார்க்கிறவர்கள் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன். டயர் விற்கிறவர் வேறு. டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் வேறு. டயர் தேயத் தேய ஓட்டுகிறவர் முற்றிலும் வேறு. இவர் பார்க்கிறவர். பார்ப்பதோடு சரி.

நான் இரண்டாவது வகை இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். தெருவில் எதிரே வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், நீங்கள் உருட்டிக்கொண்டு வரும் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பார்த்து "வாங்க, சௌக்கியமா?" என்பார். பிறகு குனிவார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் டயரின் கன்னத்தைக் கிள்ளுவார். பிறத்தியார் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளும்போது நாம் நாக்கால் ஒரு சத்தம் எழுப்புவோமே, அதே சத்தத்தை எழுப்புவார். நகத்தால் ரப்பரை மெல்லக் கீறி, நகத்தை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து, கண்ணை மூடி, எங்கோ மலையாளத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் உலாவிவிட்டுத் திரும்பி வந்து, "நல்ல டயரு" என்பார். நீங்கள் மனம் குளிர்ந்து பெடலில் கால் வைக்கிற நேரம் பார்த்து "ஆனா" என்பார்.

அந்த "ஆனா"வைக் கேட்டபிறகு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் எவரும் இல்லை.

சரி, நல்ல டயர் எதுதான் என்று இவரிடமே கேட்டால் என்ன? கேட்டுவிடாதீர்கள். "எந்த மண்ணு?" என்று திருப்பிக் கேட்பார். நீங்கள் ஏதோ மண் என்று சொன்னால் போயிற்று. ஆற்று மணலா, வாய்க்கால் கரை வண்டலா, வயல் களிமண்ணா, செம்மண்ணா, செம்மண் என்றால் துறையூர்ப் பக்கத்துச் செம்மண்ணா, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணா, அதிலும் மழை பெய்து ஒரு நாள் ஆனதா, இரண்டு நாள் ஆனதா? மண்ணுக்கு ஒரு டயர், ஈரத்துக்கு ஒரு டயர், ஓட்டுகிறவர் உடம்பு வாகுக்கு ஒரு டயர். நீங்கள் கேட்டதோ, பக்கத்துத் தெரு ரேஷன் கடைக்குப் போய்வர ஒரு டயர்.

இத்தனை தெரிந்தவர் சைக்கிள் ஓட்டுவாரா என்கிறீர்களா? ஓட்ட மாட்டார். ஸ்கூட்டரில் போவார். அந்த ஸ்கூட்டரின் டயரைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. வாங்கின நாளில் மாட்டிக் கொடுத்த டயர் வழுக்கையாகி, நூல் தெரிந்து, ஜங்ஷன் பாலத்து இறக்கத்தில் அவரைக் குடும்பத்தோடு ஒருமுறை படுக்கவும் வைத்திருக்கிறது. எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, உதவிக்கு ஓடி வந்தவருடைய சைக்கிளைப் பார்த்து, "பின்னாடி டயரு கொஞ்சம் ஒல்லியா இருக்கே" என்றாராம்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகையால் ஒருவரைக் கையோடு பிடித்து வந்திருக்கிறேன்.

பாக்கியநாதன். கே.கே. நகரில் என் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு. இன்ஷூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பூசை, தெருவிலேயே போன் வைத்திருக்கும் மூன்று வீடுகளில் ஒன்று அவருடையது. நல்ல மனுஷர். பஹ்ரைனிலிருந்து லீவில் வந்து இறங்குகிற என்னைப் போன்றவனை இந்த ஊர் எப்படி வரவேற்கும் என்று உங்களுக்குத் தெரியும்: ஒருவர் டேப் ரெக்கார்டர் உண்டா என்பார், ஒருவர் சென்ட் பாட்டில் உண்டா என்பார், எல்லோருக்கும் இல்லை என்று சொல்லிச் சொல்லி நாம் மெலிந்துபோவோம். பாக்கியநாதன் என் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "டயரை மடிச்சு வச்சா நூலு விட்டுடும். மடிக்காமத்தானே கொண்டாந்தீங்க?" என்றார்.

வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சி மாவட்டமே ஸ்ரீரங்கத்தில் நிற்குமல்லவா? பாக்கியநாதனும் நிற்பார். சொர்க்கவாசலில் இல்லை, சைக்கிள் ஸ்டாண்டில். லால்குடிச் சைக்கிள், முசிறிச் சைக்கிள், மணப்பாறைச் சைக்கிள் எல்லாம் ஒரே இடத்தில் வரிசை பிடித்து நிற்கும் காட்சி வருஷத்தில் ஒருநாள்தான் கிடைக்கும் என்பது அவர் கட்சி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக, எந்த ஊர் மண் எந்த டயரை எந்தப் பக்கம் தின்றிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். போன வருஷம் அப்படிப் போகும்போது எதிர்ப்புறத்திலிருந்து இன்னொருவரும் அதே மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதே மாதிரி குனிந்து, வந்துகொண்டிருந்தார். வடக்கு உத்தர வீதி அனந்தாழ்வான். தபால் ஆபீசில் ரிட்டயரானவர், திருமண் துலங்க இருப்பவர், எங்கேயும் நடந்தே போகிறவர். இனம் ஒன்று, ஆனால் கலை வேறு. பாக்கியநாதன் டயர்க் கட்சி என்றால் அனந்தாழ்வான் காற்றுக் கட்சி. டயரில் ஒன்றுமில்லை, அடிக்கிற காற்றின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர் சித்தாந்தம்.

"ஓய் பாக்கியநாதன், எத்தனை நாளைக்கு இந்தச் சரீரத்தையே கட்டிண்டு அழப்போறீர்? டயர் அநித்யம். தேஞ்சுபோறது. உள்ளே இருக்கே காத்து, அதுன்னா ஆத்மா."

"ஆத்மா நல்லாத்தான் இருக்கும் சாமி. கொள்ளிடத்து மணல்ல இறங்கினா சரீரம்ல புதையுது."

"கொஞ்சம் காத்தைக் குறையும். சரீரம் தானே பரந்துண்டு மேலே மிதக்கும்."

"மிதக்கும். அப்புறம் தார் ரோட்டுல ஏறினா? தவளை மாதிரி ஒட்டிக்கிட்டு நகராது."

"அங்கே மறுபடி காத்தை ஏத்தணும்."

"நம்ம மச்சினன் ஓடுற சைக்கிள் பந்தயத்துக்கு நடுவுலயா சாமி?"

"அதுக்குன்னு க்ஷணம் பொறுக்காம ஓட்றது என்ன பந்தயம்?" என்றார் அனந்தாழ்வான்.

விடிய விடிய இந்த வாதம் நடந்தது. உள்ளே பெருமாள் ரத்னாங்கியில் வந்து போனார். வெளியே முடிவு ஏற்படவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத விஷயம். ஒரு மனிதர் டயரைக் கிள்ளினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் இந்த இனத்தின் கையில் ஓட்டத் தெரிந்த ஒருவன் அகப்பட்டுக்கொண்டால் கதை மாறிவிடுகிறது. பாக்கியநாதன் கையில் அகப்பட்டவன் விக்டர்.

விக்டர், பாக்கியநாதனின் மனைவி இருதயமேரிக்குத் தம்பி. அப்பா இறந்தபிறகு அக்கா வீட்டோடு இருக்கிறான். படிப்பு ஏதோ ஓரளவு. கால்கள் மட்டும் அபாரம். ஏறி மிதித்தான் என்றால் மண்ணச்சநல்லூர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர்களோடு பேசிக்கொண்டே கூட வருவான். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் சைக்கிள் கிளப் நடத்துகிற கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் முதல் மூன்று பேரை, ஒரு பெரிய தொழிற்சாலையின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் கூப்பிடுவார்கள். போய்விட்டால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், தன் சோற்றைத் தான் தின்னலாம். மச்சான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அக்கா ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. இருந்தும் அவன் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டதை யாரும் பார்த்ததில்லை. இந்த எண்பத்தாறாம் வருஷப் பந்தயம் அவனுக்குக் கடைசி. அடுத்த தை பிறக்கும்போது கோட்டாவுக்கான வயது தாண்டிவிடும்.

முன்பு இரண்டு தடவை ஓடியிருக்கிறான். முதல் தடவை, தார் ரோடு தூரம் அதிகம் என்று கணித்து, மச்சான் ஒல்லியான கோடு போட்ட டயர் மாட்டிவிட்டார். முந்தின நாள் மழை. வாய்க்கால் கரையில் வழுக்கி, சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போய், அல்லித் தண்டோடு எழுந்து வந்தான். இரண்டாம் தடவை, வழுக்கவே கூடாது என்று ரிக்‌ஷா டயர். வழுக்கவில்லை, நகரவும் இல்லை. அந்த உலக்கை கனத்தோடும் நாலாவதாக வந்தான். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கால்களை எண்ணி வியந்திருப்பார்கள். பாக்கியநாதன் பின்சக்கரத்தை எண்ணி வருந்தினார்.

"மயிரிழையில போச்சு மாப்ளே. டயரு மட்டும் சரியா அமைஞ்சிருந்தா."

"அவன் காலைப் பத்தி இந்த வீட்டுல ஒருத்தரும் பேசறதில்ல," என்றாள் இருதயமேரி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "அதுவும் டயரு கூடவே கடையில வாங்கினதுன்னு நெனச்சீங்களா?"

பந்தயத்தின் பாதையைக் கேளுங்கள், அப்புறம் நீங்களே அவர்மேல் கொஞ்சம் இரக்கப்படுவீர்கள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையில் கிளம்பி, பாலம் ஏறித் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வரைக்கும் தார் ரோடு. அங்கே தாரை விட்டு இறங்கி வாய்க்கால் கரை. கருவேல முள் அங்கேதான். கரை முடிந்தால் அறுவடையான வயல்கள், களிமண் இன்னும் காயாதவை. அதைத் தாண்டி மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் தெருக்களைச் சுற்றிக்கொண்டு, திரும்பி வந்து, பாலத்தில் ஏறாமல் கொள்ளிடத்து மணலில் இறங்கி, சைக்கிளோடு ஆற்றைக் கடந்து கரை ஏற வேண்டும். தாருக்கு வழவழப்பு வேண்டும், மணலுக்கு அகலம் வேண்டும், களிமண்ணுக்குப் பட்டன் பட்டனாகப் புடைத்த ரப்பர் வேண்டும், முள்ளுக்குக் கனம் வேண்டும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக இழுத்துக்கொண்டு போகிறவனுக்குக் கனமே இருக்கக் கூடாது. சைக்கிளுக்கு இருப்பதோ இரண்டு சக்கரம்.

அதற்காக அவர் செய்தது என்ன தெரியுமா? மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கார்த்திகை மாதத்திலிருந்து ஞாயிறுதோறும், பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டரில் போய், பாதையின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு சாக்கு மண் அள்ளி வந்து, இருதயமேரி கீரை போடக் கொத்தி வைத்திருந்த பாத்தியில் வரிசையாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மட்டம் பண்ணி, கே.கே. நகருக்குள் ஒரு குட்டிக் கொள்ளிடமும் ஒரு குட்டி வாய்க்கால் கரையும் அமைத்துவிட்டார். டயரைச் சக்கரத்தில் மாட்டி அதன்மேல் உருட்டுவார். தடத்தைப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். கழற்றி வேறு டயர் மாட்டுவார். விக்டர் ஆபீஸ் சிப்பந்தி மாதிரி பக்கத்தில் கைகட்டி நிற்பான்.

"மச்சான், நான் ஒரு சுத்து டோல்கேட் வரைக்கும் மிதிச்சுட்டு வந்துடுறேனே. காலு விட்டுப்போகுது."

"இரு மாப்ளே. எந்த டயருன்னு தெரியாம மிதிச்சு என்ன பிரயோஜனம்? அப்புறம் காலு தப்பான டயருக்குப் பழகிடும்."

கவனியுங்கள். இந்த இனத்தின் உச்சிச் சாதனை இது. ஓட்டுவதற்காக டயர் என்று ஆரம்பித்து, டயர் முடிவாகிற வரைக்கும் ஓட்டாமல் இருப்பது என்று கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். மார்கழி முழுக்க விக்டர் சைக்கிளில் ஏறியதை நான் பார்க்கவில்லை. கழற்றப்பட்ட சக்கரங்களை இங்கிருந்து அங்கே தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். தோள் நன்றாகத் திரண்டிருந்தது.

இடையில் பாலக்கரையில் ரசூல் பாயின் சைக்கிள் கடை. ரசூல் பாய் விவரமானவர். வாடிக்கையாளர் சொல்வதை மறுப்பது வியாபாரத்துக்கு ஆகாது என்று முடிவு கட்டியவர். அதனால் அவர் கடையில் வாதம் செய்யவே முடியாது.

"பாய், முன்னாடிக்குப் பட்டன் டயரு, பின்னாடிக்குக் கோடு போட்டது. எப்படி?"

"அருமையான யோசனை சார். முன்னாடி கடிக்கும், பின்னாடி ஓடும்."

"இல்ல, மாத்திப் போட்டா? முன்னாடி கோடு, பின்னாடி பட்டன்?"

"அதுவும் நல்ல யோசனை சார். பின்னாடி தள்ளும், முன்னாடி வழிவிடும்."

"அப்ப எதுதான் சரி?"

"நீங்க எதைப் போட்டாலும் அதுதான் சார் சரி. மச்சினரு இன்ஷா அல்லாஹ் இந்த வருஷம் அடிச்சிடுவாரு."

"அந்தச் சிங்கப்பூர் டயரு வந்திருக்காமே?"

ரசூல் பாய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் மறுப்பாகிவிடுமல்லவா? "வந்திருக்கும் சார்," என்றார். "மெட்ராசுல எங்கயாச்சும் இருக்கும். நம்ம கைக்கு வர்றதுக்கு நேரம் வரணும்."

இந்த ஒரு வார்த்தையில் பாக்கியநாதன் பத்து நாள் எதையும் மாட்டாமல் காத்திருந்தார். டயர் பார்க்கிறவருக்கு, கையில் இருக்கிற டயர் எல்லாம் இன்னும் வராத டயரின் ஏழைச் சொந்தக்காரர்கள்தான்.

பொங்கலும் வந்தது. சிங்கப்பூர் வரவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், நம்ப மாட்டீர்கள், பாக்கியநாதன் முடிவுக்கே வந்துவிட்டார். முன்னால் பட்டன், பின்னால் கோடு. மாட்டி, காற்று அடித்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பி கேட்டார். இருதயமேரி அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். விக்டர் வாசலுக்குப் போய், யாரும் பார்க்காதபோது, தொடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மண்ணச்சநல்லூரிலிருந்து பாக்கியநாதனின் பாலிசிக்காரர் ஒருவர் பிரீமியம் கட்ட வந்தார். வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போகக் கூடாதா? "ஊருல ரோட்டுல நடக்கவே எடமில்ல சார். சம்பா அறுத்து மலையா வந்து குவிஞ்சிருக்கு. மில்லுக்காரனுங்க அவிச்ச நெல்லைக் களத்துல போட எடம் பத்தாம, தெருவு பூரா பரப்பி வச்சிருக்கானுங்க," என்றார்.

தை மாதம் மண்ணச்சநல்லூர்த் தெருவில் நெல் காய்வது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆண்டாண்டாகக் காய்கிறது. விக்டரே இரண்டு தடவை அதன்மேல் ஓட்டிப் போயிருக்கிறான். மில்லுக்காரர்கள் கெட்ட வார்த்தை சொல்லித் துடைப்பத்தோடு துரத்தியும் இருக்கிறார்கள். பாக்கியநாதனுக்கும் தெரியும். ஆனால் இரண்டு மாதமாக அவர் மண்ணைப் பற்றியே யோசித்தவர். நெல் மண் இல்லை. ஆகையால் நெல்லைப் பற்றி யோசிக்கவில்லை.

கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"மாப்ளே," என்றார் மெதுவாக. "நெல்லு, பட்டனுக்கு நடுவுல மாட்டிக்குமே."

சைக்கிள் மறுபடி படுத்தது.

இனி மறுநாள் காலை. நான் சொல்லிக் கேட்பதைவிட நீங்கள் நேரில் பார்ப்பது நல்லது. வாருங்கள், என் கூடவே உள்ளே வாருங்கள். பாத்தி ஓரமாகவே நடங்கள், மணலில் தடம் விழுந்தால் அவருக்கு மனசு கஷ்டப்படும். வராந்தாவில் போன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது, அதில் உட்காருங்கள். வெளிச்சம் வந்துவிட்டது. தெருவில் பால்காரர் போயாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையில் ஓட்டக்காரர்கள் கூடியிருப்பார்கள். கிளப்பில் ஒரு சட்டம் உண்டு: பாதி வழியில் யாரும் சக்கரம் மாற்றிவிடக் கூடாதென்று, கிளம்புமுன் ஒவ்வொரு டயரிலும் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு வைத்து, இன்ன ஆளுக்கு இன்ன டயர் என்று குறித்துக்கொள்வார்கள். பெயின்ட் டப்பா மூடியபிறகு வருகிறவர் வேடிக்கை பார்க்கலாம்.

இங்கே முற்றத்தில் இரண்டு ரிம்கள் நிர்வாணமாகக் கிடக்கின்றன. சுற்றிலும் டயர்கள், பட்டன் ஒன்று, கோடு ஒன்று, ரிக்‌ஷா ஒன்று, ரசூல் பாய் நேற்று மாலை "இதுவும் நல்ல யோசனைதான் சார்" என்று கொடுத்தனுப்பிய வழவழ டயர் ஒன்று. நடுவில் பாக்கியநாதன், ஒரு முறத்தில் நெல்லைப் பரப்பி, அதன்மேல் டயரை ஒவ்வொன்றாக அமுக்கி உருட்டிக்கொண்டிருக்கிறார். விக்டர் பனியனும் கால்சட்டையுமாக நிற்கிறான். முதுகில் நம்பர் குத்தியாகிவிட்டது.

போன் ஒருமுறை அடித்து ஓய்ந்துவிட்டது. அதை இருதயமேரிதான் எடுத்தாள். கிளப் செக்ரட்டரி. நல்ல குணம் அவருக்கு. விக்டரின் கால்களை நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"டப்பாவை மூடப்போறோம்ங்க. உங்க தம்பி இன்னும் காணோமே?"

"இதோ கெளம்பிட்டான் சார்."

"சரிங்க, ஒண்ணு பண்றேன். வந்ததும் பெயின்ட் வச்சுக்கலாம். ஆனா முன்னாடி என்ன டயரு, பின்னாடி என்ன டயருன்னு இப்பவே சொல்லிட்டா நான் குறிச்சுக்குவேன். பேரு நிக்கும்."

இருதயமேரி முற்றத்தைப் பார்த்தாள். "கேட்டுச் சொல்றேன் சார்."

"கொஞ்ச நேரத்துல திரும்பக் கூப்பிடுறேங்க. அப்பவும் தெரியலைன்னா பேரை அடிச்சுத்தான் ஆகணும். மத்தவங்க கேக்குறாங்க."

போனை வைத்துவிட்டு அவள் படியிறங்கி வந்தாள்.

"என்னங்க, எதையாவது ஒண்ணைச் சொல்லுங்க. திரும்பக் கூப்பிடுவாரு."

"இரு மேரி. அவசரப்பட்டுச் சொல்லிட்டா அதையே போட்டாகணும்."

"அதுக்குத்தானே கேக்குறாரு. நீங்க சொல்லலைன்னா நானே சொல்லிடுவேன்."

"என்ன டயருன்னு சொல்லுவே?"

"வட்டமா இருக்குன்னு சொல்லுவேன்."

பாக்கியநாதன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையான துக்கம்தான். "வெளையாட்டில்ல மேரி. பையனோட வாழ்க்கை. இந்த ஒரு தடவையாவது தப்பில்லாம அமைஞ்சிடணும்னுதானே ரெண்டு மாசமா இப்படி மண்ணுல கெடக்கறேன். போன வருஷம் நாலாவதா வந்துட்டு, அவன் சாப்பிட உக்காந்தப்ப தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தானே, அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

பார்த்தீர்களா? இந்த இனத்தின்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாது. அன்பினால்தான் கெடுக்கிறார்கள்.

இருதயமேரியின் குரல் தணிந்தது. ஆனால் அவள் அசையவில்லை. நேராகத் தம்பியிடம் போனாள்.

"விக்டரு, நீ சொல்லுடா. ஓட்டப்போறது நீ. இதுல எது வேணும்? எதைச் சொன்னாலும் நான் மாட்டித் தரேன், நீ கெளம்பு. மிதிச்சா எல்லாம் ஓடும் உனக்கு."

அப்படிக் கேட்க இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. விக்டர் நிமிர்ந்தான். ஒரு கணம் அந்தக் கால்கள் துடித்ததை நான் பார்த்தேன். எந்த டயரையும் காலில் தள்ளிவிட்டு ஓடிவிடுவான் போலிருந்தது. டோல்கேட்டும் வாய்க்கால் கரையும் கொள்ளிடத்து மணலும் அவன் கண்ணில் வந்து போயின. குவார்ட்டர்ஸ் வீடும் வந்து போயிருக்கும். குனிந்தான். பட்டன் டயரைக் கையில் எடுத்தான். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் கன்னத்தைக் கிள்ளினான்.

"அக்கா," என்றான். "நாம போய்ச் சேர்றப்ப நெல்லு ஈரமா இருக்குமா, காஞ்சிருக்குமா?"

இருதயமேரி படியில் உட்கார்ந்துவிட்டாள். பாக்கியநாதன் முறத்திலிருந்து தலையைத் தூக்கி, மகன் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்ததைக் கேட்ட தகப்பனைப் போல மைத்துனனைப் பார்த்தார். "கேட்டியா மேரி," என்றார். "அதுதான் கேள்வி."

நல்ல கேள்விதான். அவித்த நெல்லை விடியற்காலையில் ஆவியோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். அப்போது அது சேறு மாதிரி. வெயில் ஏறிவிட்டால் உருளும். அப்போது அது மணல் மாதிரி, மணலைவிட மோசம். ஈரமென்றால் பட்டன், காய்ந்திருந்தால் அகலம். நான் சொல்லவில்லை, உங்களுக்கே தோன்றியிருக்கும். இவ்வளவு நேரம் பாக்கியநாதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தீர்களே, பந்தயப் பாதையைச் சொன்ன இடத்தில், முன்னால் இது, பின்னால் அது என்று மனசுக்குள் ஒரு ஜோடி மாட்டிப் பார்த்தீர்களா இல்லையா? மாட்டிப் பார்த்துவிட்டு, கருவேல முள் ஞாபகம் வந்து கழற்றவும் செய்தீர்கள். பொய் சொல்லாதீர்கள். இது டயரோடு நிற்கிற வியாதியும் இல்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை, பிள்ளைக்குக் காலேஜ், வீட்டுக்கு மனை, ஊருக்குத் திரும்பிவிடலாமா இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாமா என்ற ஒரு முடிவு. ஏதோ ஒரு ரிம் உங்கள் வீட்டு முற்றத்திலும் வெறுமையாகக் கிடக்கும். யாரோ ஒருவர் நம்பர் குத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

அதோ, போன் அடிக்கிறது.

இருதயமேரி எழுந்திருக்கவில்லை. பாக்கியநாதன் எடுக்க மாட்டார். எடுத்தால் சொல்லியாக வேண்டும். விக்டரின் கையில் டயர் இருக்கிறது. நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையை நீட்டினால் எட்டும். எடுத்து, முன்னால் இது, பின்னால் இது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் பையன் பேர் நின்றுவிடும். மூன்றாவது மணி. நாலாவது மணி. எடுங்களேன்.

என்ன, அந்த வழவழ டயரையா பார்க்கிறீர்கள்?